நடுவில் நின்ற முள்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

இயற்கை மனிதனுக்கு ஐம்புலன்களைக் கொடுத்தது. அவை எட்டாத இடங்களுக்கு அறிவியல் கருவிகளைக் கொடுத்தது. இருட்டிலும் மேகத்திலும் பறக்கும் விமானிக்குக் கருவியே கண். அந்தக் கண்ணில் பழுது வந்தால் அதை எப்படிக் கண்டறிவது? சென்ற ஆண்டு நம் இயற்பியல் துறைக் கண்காட்சியில் எனக்கு ஏற்பட்ட ஒரு தோல்வியே இந்த வினாவை எழுப்பியது. விடை தேடிய கதையை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாவனை விமானம்

நான் புழலில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஏரிக்கு அப்பால் சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. பின்னாளில் அங்கே மோட்டார் பந்தயங்கள் நடந்தன. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, சிறு வயதிலிருந்தே எனக்கு விமானத்தின்மேல் ஆசை. விமானி ஆகும் வசதி எங்களுக்கு இல்லை. ஆனால் கணிப்பொறியில் பறக்க வசதி தேவையில்லை அல்லவா?

தரையில் இருந்தபடியே பறக்கப் பழகும் கலை புதியதன்று. அமெரிக்காவில் பியானோ, ஆர்கன் செய்யும் குடும்பத்தில் பிறந்த எட்வின் லிங்க் என்பவர், ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே 1929இல் ஒரு பயிற்சிப் பெட்டியை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் இலட்சக்கணக்கான விமானிகள் அதில் பழகினர். 1982இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஃப்ளைட் சிமுலேட்டர் அந்தப் பெட்டியை வீட்டு மேசைக்கே கொண்டுவந்தது. நான் பயன்படுத்துவது ஃப்ளைட்கியர் என்னும் இலவசச் செயலி. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதியது. அதில் வேறு எவரேனும் ஆக்கித் தந்த விமானங்களையும் தனியே சேர்த்துக்கொள்ளலாம். நான் சேர்த்துக்கொண்டது ஓர் இரட்டை எஞ்சின் விமானம். அதன் கருவிப் பலகையின் அழகில் மயங்கினேன் என்பதே உண்மை.

முள் காட்டும் வழி

விமானத்திற்கு வழிகாட்டும் கருவிகளில் வி.ஓ.ஆர். என்பது ஒன்று. தரையில் உள்ள நிலையம் 108 முதல் 117.95 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் ஒலிபரப்பும். அந்த அலையில் 30 ஹெர்ட்ஸ் கொண்ட இரண்டு குறிகைகள் இருக்கும். ஒன்று எல்லாத் திசையிலும் ஒரே கட்டத்தில் செல்லும். மற்றொன்றின் கட்டம் திசைக்குத் திசை மாறும். காந்த வடக்கில் இரண்டுக்கும் வேறுபாடு பூஜ்யம். கிழக்கில் 90 பாகை. தெற்கில் 180 பாகை. இந்தக் கட்ட வேறுபாட்டை அளந்தாலே நிலையத்திற்கு எத்திசையில் இருக்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

விமானி தாம் விரும்பும் பாதையின் பாகையை ஒரு திருகினால் அமைப்பார். பாதையில் இருந்தால் செங்குத்து முள் நடுவில் நிற்கும். விலகினால் முள்ளும் விலகும். பத்துப் பாகை விலகினால் ஓரத்திற்கே போய்விடும். இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. குறிகையே கிடைக்காதபோதும் முள் நடுவில்தான் நிற்கும்! "சரியான பாதையில் போகிறாய்" என்பதற்கும் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்பதற்கும் முள்ளின் நிலை ஒன்றே. இரண்டையும் பிரித்துக்காட்டுவது ஒரு சிறு சிவப்புக் கொடி மட்டுமே. கொடி தெரிந்தால் முள்ளை நம்பக் கூடாது.

கண்காட்சியில் நடந்தது

பேராசிரியர்கள் முன்னிலையில், பழவேற்காட்டுக்கு மேலிருந்து மீனம்பாக்கம் வரை மேகத்திற்குள் கருவியை மட்டும் நம்பிப் பறந்து காட்டுவதாக அறிவித்திருந்தேன். தூரம் சுமார் 50 கிலோமீட்டர். பாதை 200 பாகை. மேற்கிலிருந்து 30 நாட் காற்று வீசுமாறு அமைத்தேன். காற்று தள்ளத் தள்ள முள் விலகும், நான் திருத்திக்கொண்டே செல்வேன் என்பது திட்டம்.

முள் அசையவே இல்லை. கொடியும் தெரியவில்லை. "பாருங்கள், பாதையை விட்டு இம்மியும் பிசகவில்லை" என்று பெருமையுடன் சொன்னேன். ஐந்நூறு அடி உயரத்தில் மேகத்தை விட்டு வெளியே வந்தபோது ஓடுதள விளக்குகளுக்குப் பதிலாகக் கடல் அலைகள் தெரிந்தன. "காசிமேட்டுலயா எறக்கப் போற?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்க, அரங்கமே சிரித்தது.

எங்கள் பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "முள் நடுவில் நின்றது, சரி. பக்கத்தில் உள்ள தூரமானி ஏழெட்டுக் கடல் மைல் வரை குறைந்துவிட்டுப் பிறகு கூட ஆரம்பித்ததே, அதை ஏன் பார்க்கவில்லை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அப்பாவின் பாடம்

என் தந்தையார் மணலியில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அன்றிரவு அவரிடம் நடந்ததைச் சொன்னேன். விமானம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் முள்ளைப் பற்றி நன்றாகத் தெரியும்.

"பிரஷர் கேஜ்ல முள்ளு பூஜ்யத்துல நிக்குதுன்னா ரெண்டு அர்த்தம்டா தம்பி. ஒண்ணு, உள்ள பிரஷர் இல்ல. இன்னொண்ணு, கேஜ் செத்துப்போச்சு, இல்ல அதுக்கு வர்ற டியூப்ல கசடு அடைச்சிருக்கு. எதுன்னு தெரியாம மூடியத் தொறந்தா, தொறந்தவன் வீடு திரும்ப மாட்டான்."

அவர் மேலும் ஒன்று சொன்னார். சந்தேகம் வந்தால் அளவு தெரிந்த ஒன்றோடு கருவியை ஒப்பிட வேண்டும்; அதற்காகவே தொழிற்சாலையில் மாஸ்டர் கேஜ் வைத்திருப்பார்கள் என்றார். எனக்கு மாஸ்டர் கேஜ் எது என்று யோசித்தேன். என் ஊர் ஏரியே நினைவுக்கு வந்தது.

பழுது தேடிய முறை

சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரி, மீனம்பாக்கத்திற்கு ஏறத்தாழ நேர் வடக்கே 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எனவே ஏரியின் நடுவே பறக்கும்போது கருவி 360 பாகையை ஒட்டியும், தூரமானி 11 கடல் மைலை ஒட்டியும் காட்ட வேண்டும். மேகமும் காற்றும் இல்லாத வானத்தை அமைத்துக்கொண்டு ஏரிக்கு மேலே வட்டமிட்டேன். தூரமானி 11 என்றது. முள்ளோ, பாதைத் திருகை எந்தப் பாகைக்குத் திருப்பினாலும் நடுவிலேயே நின்றது. நலமான கருவியில் திருகை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் முள் இருபுறமும் ஆட வேண்டும். பறக்கத் தொடங்கும் முன்பே இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்திருந்தால் கண்காட்சியில் தலைகுனிந்திருக்க மாட்டேன்.

அடுத்து, பழுது எந்தப் பகுதியில் என்பதை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்தேன்.

முதலாவது, மின்சாரம். வானொலிப் பெட்டியின் எண்கள் ஒளிர்ந்தன, மின்சாரம் வந்தது.

இரண்டாவது, நிலையம். ஒவ்வொரு நிலையமும் தன் பெயரை மோர்ஸ் ஒலியில் சொல்லிக்கொண்டே இருக்கும். சென்னை நிலையத்தின் பெயர் எம்.எம்.வி. இரண்டு நெடில், மீண்டும் இரண்டு நெடில், பிறகு மூன்று குறில் ஒரு நெடில். அது தெளிவாகக் கேட்டது. ஆகவே சரியான நிலையமே கிடைத்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது, கணக்கீடு. செயலிக்குள் ஓடும் மதிப்புகளை எல்லாம் பட்டியலாகக் காட்டும் சாளரம் ஒன்று ஃப்ளைட்கியரில் உண்டு. அதில் முதல் வானொலியின் மதிப்புகளைப் பார்த்தேன். திசை சரி, விலகலும் திருகுக்கு ஏற்ப மாறியது. வானொலி உண்மையைச் சொல்கிறது. முள்தான் அதைக் கேட்கவில்லை!

எஞ்சியது, முள்ளை அசைக்கும் கோப்பு. ஓர் ஐயத்தின் பேரில் இரண்டாம் வானொலியை அதே நிலையத்திற்குத் திருப்பினேன். உடனே முதற்கருவியின் முள் துள்ளி ஒரு பக்கம் சாய்ந்தது. கோப்பைத் திறந்து பார்த்ததும் காரணம் புரிந்தது. நாம் ஒன்று, இரண்டு என எண்ணுகிறோம். கணிப்பொறியோ பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. முதல் வானொலியின் எண் 0, இரண்டாவதன் எண் 1. கொடிக்கும் அம்புக்குறிக்கும் 0 என்று சரியாக எழுதியவர், முள்ளுக்கு மட்டும் 1 என்று எழுதிவிட்டார். ஆகவே கொடி முதல் வானொலியைக் கேட்டுப் "பழுதில்லை" என்று ஒதுங்கிக்கொண்டது. முள்ளோ எதையும் பெறாத இரண்டாம் வானொலியைக் கேட்டு நடுவில் நின்றது. ஓர் எழுத்தைத் திருத்தினேன். ஏரிக்கு மேலே முள் உயிர்பெற்று ஆடியபோது நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

எல்லாத் தவறும் பழுதாகாது என்பதையும் அப்போது கற்றேன். திசை காட்டும் சுழல் கருவி மெல்ல மெல்ல விலகியதைக் கண்டு அதையும் திருத்தப் புறப்பட்டேன். ஆனால் பூமி சுழல்வதாலேயே அத்தகைய கருவி மணிக்கு 15 பாகையை அகலாங்கின் சைனால் பெருக்கிய அளவு விலகும். சென்னையின் 13 பாகை அகலாங்கில் அது சுமார் 3.4 பாகை. அதனால்தான் விமானிகள் கால் மணிக்கு ஒருமுறை அதைக் காந்தத் திசைகாட்டியோடு ஒப்பிட்டுச் சரிசெய்கின்றனர்.

விளையாட்டல்லாத விபத்துகள்

என் தவறால் நனைந்தது பாவனைக் கடலில் ஒரு பாவனை விமானம். உலகில் நடந்தவையோ வேறு. 1978 ஜனவரி முதல் நாள் இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' விமானத்தில், விமானம் நேராகிவிட்ட பிறகும் வலப்புறம் சாய்ந்திருப்பதாகவே தலைமை விமானியின் கருவி காட்டியது. இருண்ட கடலுக்கு மேலே தொடுவானம் தெரியவில்லை. அவர் அதை நம்பி இடப்புறம் சாய்த்துக்கொண்டே போனார். விமானம் பாந்திராவுக்கு அப்பால் கடலில் விழுந்து 213 பேரும் மாண்டனர். ஒப்பிட்டுப் பார்க்க வேறு கருவிகள் அதே பலகையில் இருந்தன.

1983 செப்டம்பர் முதல் நாள் கொரிய விமானம் 007 பாதை தவறிச் சோவியத் வான்வெளியில் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் இறந்தனர். வழிகாட்டும் கருவியோடு தானியங்கி விமானி இணையாமலே போனதையும், அதை விமானிகள் கவனியாததையும் 1993இல் வெளிவந்த பன்னாட்டு விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. முதல் விபத்தில் பழுதான கருவி நம்பப்பட்டது. இரண்டாவதில் கருவி நலமாக இருந்தது. அது சொன்னதைக் கேட்க இணைப்பில்லை. இரண்டிலும் குறைந்தது ஒன்றே: ஒப்பிட்டுப் பார்த்தல்.

முடிவுரை

யார் சொன்னாலும் அதன் உண்மையை ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்றார் வள்ளுவர். அது மனிதர் வாய்ச்சொல்லுக்கு மட்டுமன்று, கருவியின் முள்ளுக்கும் பொருந்தும். நம் ஆய்வுக்கூடத்தில் வோல்ட் மீட்டர் பூஜ்யம் காட்டினால் "மின்னழுத்தம் இல்லை" என்று உடனே பதிவேட்டில் எழுதிவிடுகிறோம். இனி ஒரு நொடி நின்று, அளவு தெரிந்த ஒரு மின்கலத்தில் அதைத் தொட்டுப் பார்ப்போம். ஒன்றுமே காட்டாத கருவியால் பெரிய ஆபத்தில்லை. அது தன் குறையைத் தானே சொல்லிவிடுகிறது. எல்லாம் நலம் என்று அமைதியாக நடுவில் நிற்கும் முள்ளைத்தான் இருமுறை பார்க்க வேண்டும்.

இவ்வாண்டுக் கண்காட்சியில் மீண்டும் பறந்து காட்டத் துறைத்தலைவர் அவர்கள் அனுமதி தந்திருக்கிறார்கள். புறப்படும் முன் திருகை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் காட்டுவேன். முள் ஆடாவிட்டால் பறக்க மாட்டேன்.