உங்களுக்குத் தெரியுமா? கில்லி பிறந்த கதை

அமெரிக்க எழுத்தாளர் கேத்தரின் பேட்டர்சன் 'தி கிரேட் கில்லி ஹாப்கின்ஸ்' நாவலை எழுதத் தூண்டியது, தான் நல்ல வளர்ப்புத்தாயாக இல்லை என்ற அவருடைய மனக்குறைதான்!

• கம்போடியச் சிறுவர்கள் இருவரைச் சில காலம் தன் வீட்டில் வைத்து வளர்த்தார். சிக்கல் வரும்போதெல்லாம், 'எப்படியும் போய்விடப் போகிறவர்கள்தானே' என்று நினைத்திருக்கிறார். அந்த நினைப்பே பின்னாளில் அவரைச் சுட்டது. அப்படி நினைக்கப்படும் குழந்தைக்கு எப்படி இருக்கும்? 1978-இல் நாவலாக வந்தது அந்தக் கேள்வி.

• நாவலின் நாயகி கில்லிக்கு வயது 11. வளர்ப்பு வீடுகளுக்கு மாறி மாறி அனுப்பப்பட்டவள். புது வீட்டுக்குப் போகும்போது, மென்ற பபிள் கம்மைக் கார்க் கதவின் கைப்பிடிக்கு அடியில் ஒட்டிவைக்கிறாள், அடுத்துத் திறப்பவர் கையில் பிசுபிசுக்கட்டும் என்று! மனம் அடிபட்ட பிள்ளையின் கோபத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்ட முடியாது.

• அவளை மாற்றுவது அறிவுரை அல்ல. எத்தனை முரண்டு பிடித்தாலும் கைவிடாத புது வளர்ப்புத்தாய் டிராட்டர் அம்மாவின் அன்பு.

• இந்த நாவல் 1979-இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது பெற்றது, 2015-இல் திரைப்படமானது.

பதின்வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அவசியம் இருக்க வேண்டிய புத்தகம். வாங்கிக் கொடுங்கள், நீங்களும் படியுங்கள்.