அட்டைக் கவசமும் அதனுள் நிற்கும் தோழியும்

பள்ளி நாடகம் என்றவுடன் அரசர், அமைச்சர், காவலர் ஆகிய பாத்திரங்களே நம் மனக்கண்முன் தோன்றுவது வழக்கம். இக்காலத்திலோ விண்வெளிக் கப்பலும் வேற்றுக்கோள் வீரரும் மேடையேறத் தொடங்கிவிட்டனர். பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்களும் இவ்வாண்டு அறிவியல் நாடகத்திற்காக விண்வெளிப் படைவீரரின் வெண்ணிறக் கவச உடையை அட்டை, காகிதம், பசை ஆகியவற்றைக் கொண்டே செய்தோம். அதைச் செய்யும் முறையையும், ஒவ்வொரு முறைக்கும் உரிய காரணத்தையும் எங்கள் தங்கைகளுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

'வாடகைக்கு எடுத்துவிட்டால் போதாதா?' என்று சிலர் கேட்கலாம். வாடகை உடைகள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்களின் அளவுக்குத் தைக்கப்பட்டவை. அவற்றை நாங்கள் அணிந்தால் தோள் சரியும். தலைச்சீரா கண்ணை மறைக்கும். அத்துடன், வாடகைப் பங்கைத் தர இயலவில்லை என்பதற்காக எங்களுள் ஒருத்தி மேடைக்குக் கீழே நிற்பதை நாங்கள் விரும்பவில்லை. மளிகைக் கடையின் காலி அட்டைப்பெட்டிக்கும் வீட்டில் சேர்ந்த பழைய செய்தித்தாளுக்கும் பங்குத்தொகை கேட்பார் எவருமிலர் அன்றோ?

கவசம் கடந்து வந்த வழி

உடலை மறைத்துக் காப்பது கவசம். சங்க நூலாகிய பதிற்றுப்பத்தில் இதற்கு 'மெய்ம்மறை' என்ற அழகிய சொல் ஆளப்படுகிறது. புனித பவுல் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தில் நீதியை மார்புக் கவசமாகவும், விசுவாசத்தைக் கேடயமாகவும், மீட்பைத் தலைச்சீராவாகவும் உருவகப்படுத்துகிறார்.

நம் பள்ளிப் பிள்ளைகள் நன்கறிந்த கவச வீராங்கனை புனித ஜோன் ஆஃப் ஆர்க் ஆவார். 1429ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் தூர் நகரத்தில் அவருக்கென்றே ஓர் இரும்புக் கவசம் செய்யப்பட்டது. அதற்கு நூறு லீவர் பணம் வழங்கப்பட்டதாக அரசுக் கணக்கில் பதிவு உள்ளது. அப்போது அவர் பதின்வயதுப் பெண். வேறொரு வீரரின் கவசத்தை மாட்டிக்கொண்டு அவர் போருக்குச் செல்லவில்லை. அவருடைய உடலுக்கு ஏற்றதாகவே அது செய்யப்பட்டது. 1431இல் உயிர்த்தியாகம் செய்த அவருக்கு 1920இல் திருச்சபை புனிதர் பட்டம் வழங்கியது.

நம் தமிழ்நாட்டின் தெருக்கூத்துக் கலைஞர்கள் தங்கள் கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் முதலியவற்றைக் கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணம் தீட்டி, கண்ணாடித் துண்டும் ஜிகினாத்தாளும் ஒட்டிக்கொள்கின்றனர். பார்ப்பவர்க்கு அது பொன்னாகத் தோன்றும். அணிந்தவர்க்கோ விடிய விடிய ஆடும் அளவுக்கு இலேசாக இருக்கும். மேடைக் கவசத்தின் இரகசியம் முழுவதும் இதில் அடங்கியுள்ளது எனலாம்.

1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் வெண்கவச வீரர்கள் உலகெங்கும் புகழ்பெற்றனர். அக்கவசங்கள் இங்கிலாந்தில் செய்யப்பட்டவை. சூடாக்கி இளகிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின்மேல் விரித்து, இடையிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்தால், தகடு அச்சோடு படிந்து அதன் உருவத்தைப் பெறும். இம்முறையில்தான் அவை உருவாயின. பிற்காலத்தில் அத்தலைச்சீராவைப் பற்றி ஒரு வழக்கு எழுந்தது. 2011ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிரிட்டனின் உச்சநீதிமன்றம், அது சிற்பம் என்னும் வகையில் சேராது. படம் எடுப்பதற்குப் பயன்பட்ட ஒரு பொருளே என்று தீர்ப்பளித்தது. நாம் செய்யும் கவசமும் காட்சிக்கு வைக்கும் சிலையன்று. அதனுள் ஒருத்தி நடக்க வேண்டும், வசனம் பேச வேண்டும், மூச்சு விட வேண்டும்.

முதலில் அளவு

ஆகவே அட்டையைத் தொடுவதற்கு முன் அணியப்போகும் தோழியை அளந்துகொள்ள வேண்டும். தலைச்சுற்று, தோள் அகலம், மார்புச்சுற்று, மேற்கை, முன்கை, தொடை, கெண்டைக்கால் ஆகிய அளவுகளைத் தையல் நாடாவால் எடுத்து ஒரு தாளில் எழுதுக. பின்னர்ச் செய்தித்தாளில் ஒவ்வொரு பகுதியையும் வெட்டி, அவள் மேல் வைத்துக் குண்டூசி குத்திப் பார்க்க வேண்டும். தாளில் சரிப்பட்ட பிறகே அட்டையை வெட்ட வேண்டும்.

இங்கே கணிதப் பாடம் கைகொடுக்கிறது. மேற்கையின் சுற்று 24 செ.மீ. என்று கொள்வோம். கை அசையவும் காற்றுப் புகவும் 6 செ.மீ. கூட்டினால் 30 செ.மீ. ஆகும். ஆனால் அட்டையின் தடிப்பு அரை செ.மீ. இருந்தால், சுருட்டிய குழலின் வெளிச்சுற்றைவிட உட்சுற்று ஏறத்தாழ 3 செ.மீ. குறையும். (வட்டத்தின் சுற்றளவுச் சூத்திரத்தில் அரை செ.மீ. ஆரத்தைப் பொருத்திப் பாருங்கள், விடை 3.14 வரும்.) எனவே அட்டையை 33 செ.மீ. நீளத்திற்கு வெட்டி, ஒட்டுவதற்கு மேலும் இரண்டு விரற்கடை விட வேண்டும்.

பெட்டி அட்டையின் உள்ளே அலை போன்ற வரிகள் ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். கையின் நீளவாக்கில் அவ்வரிகள் அமையுமாறு வெட்டினால் அட்டை அழகாக வளையும். குறுக்கே அமைந்தால் ஒடிந்துவிடும். வெட்டிய துண்டை மேசை விளிம்பில் வைத்து மெல்ல இழுத்துப் பழக்கினால் வளைவு நிலைக்கும்.

இறால் கற்பிக்கும் பாடம்

முழங்கை, முழங்கால், இடுப்பு ஆகிய மடிப்புகளை அட்டையால் மூடலாகாது. நம் மாவட்டத்துக் கடற்கரையான கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கரையேறும் இறாலைப் பாருங்கள். அதன் ஓடு ஒரே துண்டாக இல்லை. வளையம் வளையமாக ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கிறது. வளையங்களுக்கு இடையே மெல்லிய தோல் உள்ளது. ஆதலால்தான் அது வளைகிறது. நாமும் இடுப்புக்கு நான்கு விரல் அகலமுள்ள அட்டைப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று பாதி படியுமாறு வைத்து, பின்புறம் துணிநாடாவால் இணைக்க வேண்டும். மூட்டுகளில் கறுப்புப் பருத்தித் துணி மட்டும் தெரிந்தால் போதும். மேடையிலிருந்து பார்ப்பவர்க்கு அதுவும் கவசத்தின் பகுதியாகவே தோன்றும்.

துண்டுகளை உடலில் நிறுத்த எலாஸ்டிக் நாடாவும் வெல்க்ரோவும் ஏற்றவை. கயிற்றால் இறுக முடிச்சிடுதல் கூடாது, அவசரத்தில் அவிழாது.

தலைச்சீரா

தலைச்சுற்று 54 செ.மீ. ஆனால், வெளிச்சுற்று 64 செ.மீ. உள்ள மண்பானையைத் தேர்ந்தெடுத்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். அப்போது தலையைச் சுற்றி ஒன்றரை செ.மீ. இடைவெளி கிடைக்கும். பானையின் மேல் தேங்காயெண்ணெய் தடவி, முதல் அடுக்குத் தாளை வெறும் நீரில் நனைத்து ஒட்டுக. அதன்மேல் பசை தடவிய தாள்துண்டுகளை ஆறு அடுக்குகள் ஒட்ட வேண்டும். இரண்டு அடுக்குக்கு ஒருமுறை வெயிலில் நன்கு காய வைத்தல் அவசியம். பானையின் மிக அகன்ற இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கும் கீழே ஒட்டினால் கூடு கழன்று வராது. முகத்தையும் தாடையையும் மறைக்கும் கீழ்ப்பகுதியைத் தனியே அட்டையில் செய்து இணைக்கலாம்.

பசைக்கு ஒரு டம்ளர் மைதா மாவை முதலில் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஐந்து டம்ளர் நீர் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். பூச்சி அரிக்காதிருக்கப் புத்தகம் கட்டுவோர் இப்பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நச்சுப்பொருள். மூக்குக்கும் வாய்க்கும் அருகில் இருக்கும் தலைச்சீராவுக்கு அதைச் சேர்க்கவே கூடாது.

கண்ணுக்கு அகலமான திறப்பு விட்டு, உட்புறம் கறுப்பு வலைத்துணியை ஒட்டுக. மேடை வெளிச்சத்தில் வெளியிலிருந்து பார்த்தால் அது கரிய கண்ணாடி போல் தோன்றும். உள்ளிருப்பவளுக்கோ வெளியே எல்லாம் தெரியும், காற்றும் வரும். குனியாமலே தன் காலடியைக் காணுமாறு கீழ்த்திறப்பும் வேண்டும். முன்னர்க் கூறிய திரைப்படத்திலேயே, உள்ளே நுழையும் ஒரு வெண்கவச வீரர் கதவின் மேற்பகுதியில் தலையை இடித்துக்கொள்ளும் காட்சி இன்றும் இரசிகர்களின் சிரிப்புக்கு இடமாக உள்ளது. நம் மேடையில் தலையிடித்தால் சிரிப்போடு நிற்காது. படிக்கட்டும் மின்கம்பியும் அங்கு உண்டு.

வெப்பமே பகைவன்

நமது அறந்தாங்கியில் வெயிலுக்கும் பஞ்சமில்லை. கடற்காற்றின் ஈரத்திற்கும் பஞ்சமில்லை. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது என்று நாம் படிக்கிறோம். கவசத்தினுள் அடைபட்ட காற்று ஈரத்தால் நிறைந்துவிட்டால் வியர்வை ஆவியாக இயலாது. வெப்பம் உள்ளேயே தங்கி, தலைசுற்றலும் மயக்கமும் உண்டாகும்.

1969இல் நிலவில் நடந்த வீரர்களின் உடையை அமெரிக்காவின் டோவர் நகரத்தில் ஆடை தைக்கும் பெண்கள் தையல் இயந்திரத்தில் தைத்தனர். ஒவ்வொரு வீரரின் அளவுக்கும் தனித்தனியே தைக்கப்பட்ட அவ்வுடையில் இருபத்தொரு அடுக்குகள் இருந்தன. அவற்றுள் தோலை ஒட்டிய அடுக்கில் மெல்லிய குழாய்கள் வழியே நீர் ஓடி, உடலின் வெப்பத்தை அகற்றியது. அவ்வசதி நமக்கில்லை. எனவே முதுகுப் பகுதியில் வரிசையாகத் துளைகள் இடுக. கழுத்தையும் அக்குளையும் திறந்து விடுக. உள்ளே மெல்லிய பருத்தி ஆடையே அணிக. கால்மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து அணியாதிருப்பது நன்று. நண்பகல் ஒத்திகையில் தலைச்சீராவைக் கையில் வைத்துக்கொண்டாலே போதும்.

கவசமணிந்தவளுக்கு ஒரு துணைத்தோழி கட்டாயம் வேண்டும். தண்ணீர் கொடுப்பதும், படியேறும்போது கைபிடிப்பதும் அவள் பொறுப்பு. வலக்கையை நெஞ்சில் இருமுறை தட்டினால் 'உடனே கழற்று' என்று பொருள் என நாங்கள் அடையாளம் வைத்துக்கொண்டோம். தலைச்சீராவைத் தானே ஒரே கையால் கழற்ற முடிகிறதா என்பதையும் முன்கூட்டியே சோதிக்க வேண்டும்.

வண்ணத்திற்கு முன் சோதனை

வண்ணம் பூசுமுன் கவசத்தை அணிந்து நடக்கவும், உட்காரவும், மூன்று படி ஏறவும், இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தவும், முழந்தாளிடவும் வேண்டும். எங்கே உரசுகிறதோ அங்கே பென்சிலால் குறித்து வெட்டுக. எங்கள் வீராங்கனைக்கு முழந்தாளிடும்போது தொடைப்பகுதி குத்தியது. இரண்டு விரற்கடை குறைத்தவுடன் சரியாயிற்று.

நீரில் கரையும் வெள்ளை வண்ணத்தை இரண்டு முறை பூசினால் அட்டை பிளாஸ்டிக் போல் மின்னும். பொத்தான்களுக்குப் புட்டி மூடிகளும், ஒளிவிளக்குகளுக்கு ஜிகினாத்தாளும் போதும். தெர்மாகோல் பயன்படுத்தினால் ஃபெவிகால் கொண்டே ஒட்ட வேண்டும். சைக்கிள் கடை சொலூஷன் அதைக் கரைத்துவிடும்.

முழுக்கவசமும் இரண்டரைக் கிலோ எடைக்குள் அடங்கியது. அளந்தவள் ஒருத்தி, வெட்டியவள் ஒருத்தி, பசை காய்ச்சியவள் ஒருத்தி, துணைநின்றவள் ஒருத்தி என எங்கள் வகுப்பில் அனைவருக்கும் அதில் பங்குண்டு. விழா முடிந்ததும் ஒவ்வொரு துண்டின் உட்புறத்திலும் அதன் அளவை எழுதி, ஈரமில்லாத அலமாரியில் வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு அணியப்போகும் தங்கையே, அது உனக்குப் பொருந்தாவிட்டால் உன் உடலை ஒடுக்கிக்கொள்ளாதே. கத்தரிக்கோலை எடுத்துக் கவசத்தைத் திருத்திக்கொள். அட்டை இன்னும் கிடைக்கும்.