புளோயன் மலைக்குள் விழுந்தவன்

பேர்கன் மீன்சந்தைக்கு அருகில் நிற்கும் சிலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது 1684 இல் இதே நகரத்தில் பிறந்த லுட்விக் ஹொல்பேர்க் என்ற எழுத்தாளருடையது. 1741 இல் அவர் லத்தீன் மொழியில் எழுதிய மாயக்கதை ஒன்று ஜேர்மனியில் வெளிவந்தது. அதன் நோர்வேஜியப் பதிப்பை என் மகள் நூலகத்திலிருந்து கொண்டுவந்தாள். "பொய்க்கதை வாசித்து என்ன பயன்?" என்று ஏசினேன். பிறகு அவள் சொல்லச்சொல்ல நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

கொப்பன்ஹேகனில் படித்துத் தேறிய நில்ஸ் கிளிம் என்ற இளைஞன் ஊர் திரும்புகிறான். இங்குள்ள புளோயன் மலையின் குகைக்குள் கயிற்றில் இறங்குகிறான். கயிறு அறுந்துவிடுகிறது. பூமிக்குள்ளே இன்னொரு சூரியன், இன்னொரு கிரகம்!

இதை எப்படி நம்பவைக்கிறார்? எல்லோருக்கும் தெரிந்த மலையில் கதையைத் தொடங்குகிறார். பூமியின் உட்பகுதி வெறுமையானது என்று எட்மண்ட் ஹலி என்ற ஆங்கிலேய வானியல் அறிஞர் 1692 இலேயே எழுதியிருந்தார். அதனால் படித்தவர்களுக்கும் அது முழுப் பொய்யாகத் தோன்றியிராது. ஈர்ப்புவிசைக்கு நீண்ட பாடம் இல்லை. கிளிம் தன் பையிலிருந்த பணியாரத்தை எறிகிறான். அது சந்திரனைப்போல அவனையே சுற்றுகிறது. அவ்வளவுதான் விளக்கம். பாறைகளில் மோதாமலிருக்க அவன் கொண்டுபோன கொக்கித்தடிதான், பிறகு சிறகுள்ள கொடிய விலங்கு தாக்கும்போது ஆயுதமாகிறது. தேவைப்படும் பொருளை முன்பே கையில் கொடுத்துவிடுகிறார்.

அந்தக் கிரகத்தில் மரங்கள் பேசும், நடக்கும். ஆனால் ஆமை வேகம். விதி இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன. மெதுவாகச் சிந்திப்பவரே அங்கு அறிவாளி. சட்டென விளங்கிக்கொள்ளும் கிளிம் அவர்களுக்கு அரைகுறை. அவனது படிப்பு எடுபடவில்லை. கால் வேகமாக இருப்பதால் அரசனின் செய்தியைக் கொண்டு ஓடும் வேலை கிடைக்கிறது.

இந்த இடத்தில் மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஓ.எல். உடன் நின்றவன். மீன் தொழிற்சாலையில் என் கைவேகத்துக்குச் சம்பளம் தருகிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் என் பக்கத்தில் நின்று மீன் வெட்டுபவர் ஊரில் கணித ஆசிரியர்.

அன்றிரவு மகளுக்கு மணிமேகலையின் அமுதசுரபியைப் பற்றிச் சொன்னேன். அதற்கும் ஒரு விதி உண்டு. பாத்திரம் கையில் கிடைத்ததும் சோறு சுரக்கவில்லை. ஆதிரை முதற்பிச்சை இட்ட பிறகே அள்ள அள்ளக் குறையாமல் சுரந்தது. முதலில் ஒருவர் மனம்வைத்துக் கொடுக்கவேண்டும்.

"அப்பா, இதுவும் பொய்க்கதைதானே?" என்று கேட்டாள். எனக்கு மறுமொழி வரவில்லை.

புளோயன் மலைக்குப் போகும்போது உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு கதைகளையும் சொல்லுங்கள்.