வடிகாலைத் திறக்கும் மாத்திரை

"சர்க்கரைக்கு மட்டும்தான் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது டாக்டர் பிரஷர் மாத்திரையும் எழுதிவிட்டார். மாத்திரை கூடினால் கிட்னி போய்விடும் என்கிறார்களே, நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். நிறுத்தாதீர்கள் ஐயா. நீரிழிவுக்காரர்களுக்குப் பிரஷர் மாத்திரை கொடுப்பதில் பாதி நோக்கமே கிட்னியைக் காப்பதுதான்.

ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள். ஒவ்வொன்றும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் முடிச்சு. ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியேற ஒரு குழாய். எங்கள் வயலுக்கு வாய்மடையும் வடிகாலும் இருந்ததைப் போல. ஐப்பசி மழையில் வடிகாலைச் செத்தை அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறி வரப்பு கசியும். மண்வெட்டியோடு அப்பா முதலில் ஓடுவது வடிகாலுக்குத்தான். நீரிழிவிலும் வாய்மடை அகன்றுவிடுகிறது. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் வடிகாலை இறுக்குகிறது. உள்ளே அழுத்தம் ஏறி, அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிகிறது. உடம்பின் ரத்த அழுத்தமும் சேர்ந்து உயர்ந்தால் வரப்பே உடையும்.

இந்த வடிகாலைத் திறக்க வழி காட்டியது ஒரு பாம்பு! பிரேசிலின் ஜராராக்கா விரியன் கடித்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அதன் விஷத்தில் செர்ஜியோ ஃபெரெய்ரா 1960-களில் கண்டறிந்த பொருளை அடியொற்றி, அமெரிக்காவில் குஷ்மனும் ஒன்டெட்டியும் ஆஞ்சியோடென்சினை மறிக்கும் கேப்டோபிரில் என்ற மாத்திரையை உருவாக்கினார்கள். 1981-ல் அதற்கு அங்கே அனுமதி கிடைத்தது. எனாலபிரில், ராமிபிரில் அதன் வாரிசுகள். லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் அதே ஹார்மோனை வேறு இடத்தில் மறிப்பவை.

பிரிட்டனில் 1,148 நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 1998-ல் வெளியானது. பிரஷரை நன்றாகக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குப் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்திருந்தது. ஆய்வு முடிந்து கட்டுப்பாடு தளர்ந்தபின் அந்தப் பலனும் நிலைக்கவில்லை. நாமோ, "தலை சுற்றவில்லை, பிரஷர் சரியாகிவிட்டது" என்று நாமாகவே மாத்திரையை விட்டுவிடுகிறோம். வறட்டு இருமல் வந்தால் மருந்தை மாற்றித்தரச் சொல்லலாம். கருத்தரிக்க விரும்பும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இந்த மருந்துகள் கருவுக்கு ஆகாது.

விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கத் தவறாதவர்கள்கூடச் சிறுநீரைப் பரிசோதிப்பதில்லை. வரப்பு கசிவது வலிக்காது, பரிசோதித்தால்தான் தெரியும். ஆண்டுக்கு ஒரு முறையாவது சிறுநீரில் அல்புமின் பாருங்கள். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். ஊறுகாயும் அப்பளமும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.