முன்னச்சும் மணல்மேடும்

தென்னாட்டை விட்டு இராஜஸ்தானத்தில் குடியேறி வாழும் நம்மவர்க்கு, மணல் என்பது ஆற்றுப் படுகையையும் கடற்கரையையும் நினைவூட்டும் சொல்லாகும். ஜெய்சால்மருக்கு மேற்கே, சம் என்னும் ஊரை அடுத்து அலையலையாய் எழுந்து நிற்கும் மணல்மேடுகளை முதன்முதல் காணும்போது, நாம் அறிந்த மணல் இதுவன்று என்பது விளங்கும். இங்குள்ளார் அம்மேட்டைத் 'தோரா' என்பர். அதனிடையே ஆங்காங்கே நிற்கும் கேஜ்ரி மரம் மட்டும் நமக்குப் பழைய உறவு. அது நம் ஊர்க் கோயில்களில் நாம் வலம்வந்த வன்னி மரமே. இம்மணலில் குடும்பத்தோடு வண்டியோட்டிச் செல்லும் விருப்பம் நம் இளைஞரிடையே பெருகி வருவதால், எங்கள் பட்டறிவு ஒன்றை அன்பர்கள் முன் வைக்க எண்ணினோம்.

சென்ற ஆண்டு பொங்கலை ஒட்டி வந்த விடுமுறையில், இரு குடும்பத்தார் அறுவர், பழைய இலகு ரக ஜீப் ஒன்றில் ஜோத்பூரிலிருந்து புறப்பட்டோம். ஒற்றை வண்டியாகப் போனது எங்கள் முதற்பிழை. வண்டி வாங்கிய சில மாதங்களிலேயே, எடுப்பாகத் தோன்றவேண்டும் என்று அகன்ற பெரிய சக்கரங்களை மாட்டியிருந்தோம். அது இரண்டாம் பிழை. மூன்றாம் பிழையை மாலை நாலரை மணிக்குச் செய்தோம். மேட்டின் மறுபக்கம் எவ்வாறு இருக்கிறது என்று இறங்கிப் பாராமல், வேகத்தோடு உச்சியைக் கடந்தோம். மறுபக்கம் செங்குத்தாய்ச் சரிந்திருந்தது. முன்சக்கரங்கள் அந்தரத்தில் சென்று, மேடுகளுக்கு இடைப்பட்ட கெட்டித் தரையில் மோதின.

எவருக்கும் காயமில்லை. ஆனால் இறங்கிப் பார்த்தபோது, இரு முன்சக்கரங்களும் மேற்புறம் உள்ளே சாய்ந்து, கீழ்ப்புறம் வெளியே அகன்று, காலை அகட்டி நிற்கும் கன்றைப்போல் வண்டி நின்றது. அச்சின் ஓரத்திலிருந்து எண்ணெய் ஒழுகியது. தொலைபேசி அங்கு எட்டவில்லை. தை மாதத்துப் பாலைவனக் குளிரில், குழந்தைகள் இருவரையும் இருந்த போர்வைகளால் சுற்றி, வண்டிக்குள்ளேயே இரவைக் கழித்தோம். விடியற்காலையில் ஒட்டகம் மேய்க்கும் முதியவர் ஒருவர் எங்களைக் கண்டு, தண்ணீரும் கம்பு ரொட்டியும் தந்து, பக்கத்துச் சிற்றூரிலிருந்து டிராக்டரை அழைத்து வந்தார். அன்று எங்களுடன் இருந்த அத்தை, "சக்கரத்தைப் பெரிதாக்கினீர்கள், சரி, அதைத் தாங்கும் அச்சை யாராவது பார்த்தீர்களா?" என்று கேட்டார். எவராலும் விடை கூற இயலவில்லை. வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் வண்டியின் அச்சை வைத்துச் சொன்ன பாடத்தை நாம் எல்லோரும் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர்கள்தாம்.

இனி, அச்சு ஏன் வளைந்தது என்று பார்ப்போம். ஜீப் என்னும் வண்டி இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல், பெருமளவில் செய்யப்பட்டது. கால் டன் சுமைக்கென வகுக்கப்பட்ட அதன் எடை ஏறத்தாழ 1,100 கிலோ. அதன் சக்கரங்கள் ஒடுங்கியவை. அதன் வழிவந்த இலகு ரக வண்டிகள் பலவற்றில், முன்னச்சின் நடுவே டிபரன்ஷியலைத் தாங்கும் வார்ப்பிரும்புக் கூடு ஒன்றும், அதன் இருபுறமும் செருகப்பட்ட எஃகுக் குழாய்களும் இருக்கும். குழாயின் முனையில் 'சி' எழுத்தைப் போன்ற கவை ஒன்று நின்று, சக்கரத்தைத் திருப்பும் நக்கிளைப் பிடித்துக்கொள்ளும். வண்டியின் எடை கமான் பட்டைகள் வழியே குழாயின்மேல் இறங்குகிறது. தரையின் எதிர்விசையோ அதற்கு வெளியே உள்ள சக்கரத்தில் மேல்நோக்கி எழுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரமே நெம்புகோல். அகன்ற விளிம்புள்ள சக்கரம் அந்நெம்புகோலை நீட்டுகிறது. பெரிய டயர் திருப்பும் உறுப்புகளின் மேல் விழும் பளுவைக் கூட்டுகிறது. நின்ற வண்டியின் எடையைத் தாங்கும் குழாய், விழுகின்ற வண்டியின் அடியை அதனினும் பன்மடங்காக ஏற்கவேண்டும். ஆதலால் வளையும் இடங்கள் இரண்டு: ஒன்று குழாய், மற்றொன்று முனையிலுள்ள கவை.

ஜோத்பூரில் முதிய மிஸ்திரி ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சேர்த்தோம். அவர் முதலில் சுத்தியலை எடுக்கவில்லை. அளவு நாடாவையே எடுத்தார். இரு டயர்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை முன்பக்கமும் பின்பக்கமும் அளந்தார். சக்கரத்தின் சாய்வைத் தூக்குநூல் விட்டுப் பார்த்தார். டயர்களின் உள்விளிம்பு வெளிவிளிம்பைவிட மிகத் தேய்ந்திருப்பதைக் காட்டி, "பாபுஜி, இது ஒருநாளில் வளைந்ததன்று, பல மாதமாகச் சிறுகச் சிறுக வளைந்து வந்திருக்கிறது" என்றார். அந்தத் தேய்வைக் கண்ணால் கண்டும் கருத்திற் கொள்ளாதவர் நாங்களே. வண்டி ஒருபுறமாக இழுத்தல், டயரின் உள்விளிம்பு தேய்தல், உட்புற எண்ணெய் அடைப்பு அடிக்கடி கசிதல் ஆகிய மூன்றும் வளைந்த அச்சின் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் காலந்தாழ்த்தாமல் அளந்து பார்த்தல் வேண்டும்.

எங்கள் முன் இரு வழிகள் இருந்தன. கனரக வண்டியின் அச்சை வாங்கிப் பொருத்துவது ஒன்று. அதே வகை நல்ல அச்சைப் பழைய பொருள் கடையில் வாங்கி வலுப்படுத்துவது மற்றொன்று. முன்னதற்குச் செலவு மிகுதி, எடையும் மிகுதி. கமான் பட்டைக்குக் கீழே தொங்கும் எடை கூடக்கூட, ஒவ்வொரு பள்ளத்திலும் அடி பலமாகும். எனவே இரண்டாவதைத் தேர்ந்தோம். வளைந்து பழகிய குழாயை நிமிர்த்தி அதன்மேல் தகடு வைப்பது, பிழையை மூடிவைப்பதேயாகும் என்று மிஸ்திரி உறுதியாகக் கூறிவிட்டார்.

செய்த வேலை இதுவே. முதலில் அச்சிலிருந்து ஷாப்டுகள், பற்சக்கரங்கள், பேரிங்குகள், ரப்பர் அடைப்புகள் யாவும் கழற்றப்பட்டன. எண்ணெய்ப் பசை நீங்கக் கழுவப்பட்டது. அடுத்து, இரு முனைக் கவைகளின் மேலும் கீழும் 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள முட்டுத்தகடுகள் வைத்துப் பற்றவைக்கப்பட்டன. பின்னர்க் குழாயின் முதுகில், முனை முதல் முனை வரை, அதே தடிப்புள்ள எஃகுத் தகடு செங்குத்தாக நிறுத்தப்பட்டது. இதனை டிரஸ் என்பர். இதன் பயனை உணர இயந்திரக் கல்வி வேண்டியதில்லை. பலகையைப் படுக்கவைத்து ஏறி நின்றால் வளையும்; அதனையே குத்துவாட்டில் நிறுத்தினால் வளையாது. வீட்டு உத்திரத்தை நம் தச்சர் குத்துவாட்டில் வைப்பதும் இதனாலேயே. செவ்வக உத்திரத்தின் உயரம் இருமடங்கானால், வளையாது நிற்கும் விறைப்பு எட்டு மடங்காகும். குழாய்க்குள் மற்றொரு குழாயைச் செருகும் முறையும் உண்டு. ஆனால் அதற்கு நுட்பமான கடைசல் வேலை வேண்டும்.

பற்றவைப்பில்தான் பலர் தவறுகின்றனர். ஒரே மூச்சில் நீளமாகப் பற்றவைத்தால், சூட்டினால் குழாயே வில்லாகிவிடும். மிஸ்திரி ஒரு விரல் நீளம் இடப்புறம், ஒரு விரல் நீளம் வலப்புறம் என்று மாறிமாறிச் செய்து, கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பின்னரே தொடர்ந்தார். தண்ணீர் ஊற்றி ஆற்றவில்லை. வார்ப்பிரும்புக் கூட்டோடு குழாயை இணைக்கும் இடத்தில், முன்கூட்டிச் சூடேற்றி, நிக்கல் கம்பி கொண்டு பற்றவைத்து, உலர்ந்த மணலால் மூடி மெல்ல ஆறவிட்டார். அவசரமாக ஆறும் வார்ப்பிரும்பு வெடிக்கும். எங்களைச் சிக்கவைத்த பாலைமணலே இங்கு மருந்தாகப் பயன்பட்டது கண்டு நகைத்தோம். முடிவில் ஷாப்டுகள் தடையின்றிச் சுழல்கின்றனவா என்று பார்த்து, சக்கரச் சாய்வுகளை மீண்டும் அளந்த பின்னரே வண்டி வெளியே வந்தது. புதிய அடைப்புகளும், பூழி புகாதவாறு உயர்த்திக் கட்டிய மூச்சுக்குழாயும் சேர்ந்தன. பெரிய சக்கரங்களை விற்று, பழைய அளவுக்கே திரும்பினோம்.

"இனி என்ன செய்தாலும் உடையாதல்லவா?" என்று எங்களுள் ஒருவர் கேட்டார். "குழாய் வளையாது, அடுத்த மெலிந்த இடம் உடையும்" என்றார் மிஸ்திரி. அச்சை வலுப்படுத்தினால் அடி மறைந்துவிடுவதில்லை. ஷாப்டின் மூட்டுக்கோ, பேரிங்குக்கோ, கமான் பட்டைக்கோ இடம் மாறுகிறது. ஆகவே ஓட்டுவோன் கையும் காலுமே முதற் காப்பு. மணலில் இறங்குமுன் டயரின் காற்றை 15 முதல் 18 பவுண்டு வரை குறைத்தல் வேண்டும். டயர் அகன்று மணலில் அமிழாமல் செல்லும். அச்சுக்கு வரும் அதிர்வும் குறையும். சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் நிரப்புதல் வேண்டும். சக்கரத்தை முழுதும் திருப்பிய நிலையில் விசையை அழுத்தலாகாது. ஷாப்டின் மூட்டு பெரும்பாலும் அப்போதே முறியும். உச்சியை அடையுமுன் ஒருவர் இறங்கி, மறுபக்கத்தைப் பார்த்து வருதல் வேண்டும். ஒற்றை வண்டியாக ஒருபோதும் போகலாகாது.

இன்னும் இரண்டு செய்திகள் உள. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. எதையும் மாற்றுமுன் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் நன்று. ஜெய்சால்மரை அடுத்த பாலைவனத் தேசியப் பூங்கா, அருகிவரும் கானமயிலின் உறைவிடம்; அங்கு வழிவிட்டு வண்டி செலுத்துதல் தகாது.

இவ்வாண்டு பொங்கலுக்கு, இரண்டு வண்டிகளில் மீண்டும் சென்றோம். கம்பு ரொட்டி தந்த முதியவரைத் தேடிக் கண்டு, வன்னி மரத்தடியில் அமர்ந்து, அத்தை கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கலை அவருக்கு அளித்தோம். அவர் உண்டு முடித்து, வண்டியின் அடியைக் குனிந்து பார்த்துத் தலையசைத்தார். மாலை வெயில் சாயுமுன், மேடு எதனையும் தாவாமல், குழந்தைகளோடு சாலைக்குத் திரும்பினோம். வண்டியை அணிசெய்யுமுன் அச்சை அளந்து பாருங்கள் என்பதே நம் குடும்பங்களுக்கு நாங்கள் கூறும் வேண்டுகோள்.