எல்லாம் ஒரே சந்தாவில்: என்ன விலை தகும்?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: நெட்ஃபிளிக்ஸ், பிரைம், ஜியோஹாட்ஸ்டார், சன் நெக்ஸ்ட், ஆஹா என்று ஒவ்வொன்றுக்கும் தனியே பணம் கட்டி மாளவில்லை. எல்லாப் படமும், எல்லாத் தொடரும், எல்லா ஆட்டமும் ஒரே சந்தாவில் கிடைத்தால் மக்கள் எவ்வளவு கொடுப்பார்கள்? நாம் எவ்வளவு கொடுக்கலாம்?

இப்போது கேட்க வேண்டிய கேள்விதான். 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோசினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் சேர்ந்து ஒரே செயலி ஆயின. செல்போன் ரீசார்ஜோடும் வீட்டு இணைய இணைப்போடும் பல ஓடிடிகளைச் சேர்த்துக் கட்டித் தரும் பேக்குகளும் வந்துவிட்டன. இத்தகைய விளம்பரங்களுக்குப் பிடித்தமான ஒரு கூட்டல் உண்டு: தனித்தனியே வாங்கினால் இத்தனை ஆயிரம், எங்களிடம் சில நூறு, மீதியெல்லாம் உங்களுக்கு லாபம். அந்தக் கூட்டலை நம்ப வேண்டாம். அத்தனையையும் தனித்தனியே வாங்கியிருக்கக்கூடிய வீடு உங்கள் தெருவில் ஒன்றுகூட இருக்காது. வாங்கவே போகாத பொருளின் விலையைச் சேமிப்புக் கணக்கில் எழுத முடியாது.

மக்களிடமே நேராகக் கேட்டு அறியலாமே என்றால், அதுவும் அத்தனை சுலபம் இல்லை. "எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்ற கேள்விக்கு வரும் பதிலுக்கும் கையிலிருந்து உண்மையில் போகும் பணத்துக்கும் தூரம் அதிகம். குறைத்துச் சொன்னால் விலை இறங்கும் என்று ஒருவர் நினைப்பார்; கௌரவத்துக்காக இன்னொருவர் கூட்டிச் சொல்வார். 1964இல் பெக்கர், டிகுரூட், மார்ஷாக் என்ற மூவர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நீங்கள் தரத் தயாரான உச்ச விலையை எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு குலுக்கலில் ஒரு விலைச் சீட்டு எடுக்கப்படும். சீட்டு விலை நீங்கள் எழுதியதைவிடக் குறைவென்றால், அந்தச் சீட்டு விலைக்கு நீங்கள் வாங்கியே தீர வேண்டும். கூடுதலென்றால் பொருள் கிடையாது. நீங்கள் எழுதும் எண், பொருள் கிடைக்குமா என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. கொடுக்கும் விலையைத் தீர்மானிப்பதில்லை. ஆகவே பொய் எழுதி ஒரு பயனும் இல்லை. ஓடிடி சந்தா பற்றி 'இத்தனை சதவீதம் பேர் இத்தனை ரூபாய் தரத் தயார்' என்று செய்தி வந்தால், பதில் சொன்னவர் பணம் கட்ட வேண்டியிருந்ததா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்த எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பலவற்றைக் கட்டி ஒரே விலைக்கு விற்கும்போது, அந்தக் கட்டுக்குள் ஒரு கணிதம் வேலை செய்கிறது. அத்தனை அழகானது அது.

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டுக்குக் கிரிக்கெட் மாதம் 200 ரூபாய் பெறும். சீரியல் 40 ரூபாய்தான் பெறும். இரண்டாம் வீட்டுக்குச் சீரியல் 180, கிரிக்கெட் 50. தனித்தனியே விற்பவர் கிரிக்கெட்டுக்கு 200 வைத்தால் ஒரு வீடுதான் வாங்கும். 50க்கு இறக்கினால் இரண்டும் வாங்கும், ஆனால் கிடைப்பது 100தான். எனவே 200தான் வைப்பார். அதே கணக்கில் சீரியலுக்கு 180 வைப்பார். மொத்த வரவு 380. இப்போது இரண்டையும் கட்டி 230 ரூபாய் என்று போடட்டும். முதல் வீட்டுக்கு அந்தக் கட்டு 240 பெறும், இரண்டாம் வீட்டுக்கு 230. இருவரும் வாங்குவார்கள். வரவு 460. கிரிக்கெட் வீடு சீரியலும் பார்க்கிறது, சீரியல் வீடு கிரிக்கெட்டும் பார்க்கிறது. புதிதாக ஒரு காட்சிகூடப் படம் பிடிக்காமலே 80 ரூபாய் கூடுதலாக வந்துவிட்டது.

அந்த 80 எங்கிருந்து வந்தது? இரண்டு வீடுகளின் ருசியும் எதிரெதிராக இருந்ததிலிருந்து. தனிப் பொருளில் 200க்கும் 50க்கும் இடையே கிடந்த பெரிய இடைவெளி, கட்டில் 240க்கும் 230க்கும் இடையே சுருங்கிவிட்டது. விலை வைப்பவருக்கு எதிரி இந்த இடைவெளிதான்.

நம் ஊர் மெஸ்ஸில் அளவில்லாச் சாப்பாட்டுக்கு விலை வைப்பதும் இதே கணக்குதான். பந்தியில் ஒருவர் வத்தக்குழம்பை மூன்று முறை கேட்பார். பக்கத்தில் இருப்பவர் குழம்பைத் தொடாமல் ரசத்துக்குக் காத்திருப்பார். ஒருவருக்குப் பாயசம், இன்னொருவருக்கு மோர். யார் எதை விரும்புவார் என்று மெஸ்காரருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஓர் இலைக்கு மொத்தத்தில் எவ்வளவு பெறும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கூட்டுக்கும் பொரியலுக்கும் அப்பளத்துக்கும் தனி விலை போட்டால் அவர் திண்டாடிப்போவார். லிமிடெட் மீல்ஸ் நம் மொபைல் பிளான்; அப்பளத்துக்குத் தனிக் காசு என்பது நேரலை ஆட்டத்துக்கு மேல்கட்டணம்; பார்சல் என்பது பதிவிறக்கி வைத்துக்கொள்ளும் வசதி. ஒன்றில் மட்டும் மெஸ்காரர் பின்தங்குகிறார். ஒவ்வொரு கரண்டிக்கும் அவருக்கு அரிசியும் பருப்பும் செலவாகும். எடுத்து முடித்த படத்தை இன்னொரு வீட்டுக்குக் காட்ட ஏறக்குறைய செலவே இல்லை. அதனால் ஓடிடிக்காரர் இலையில் எத்தனை பதார்த்தம் வேண்டுமானாலும் பரிமாறலாம்.

பதார்த்தம் கூடக்கூட என்ன ஆகும்? 1999இல் யானிஸ் பாகோஸ், எரிக் பிரின்யால்ஃப்சன் இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் ஆராய்ந்தது. ஒரு நிகழ்ச்சியின் மதிப்பு ஆளுக்கு ஆள் 0 முதல் 100 ரூபாய் வரை சமமாகப் பரவியிருக்கிறது, ஒன்றின் மதிப்பு இன்னொன்றின் மதிப்பைச் சார்ந்ததில்லை என்று வைத்துக்கொள்வோம். தனியே விற்றால் நல்ல விலை 50. பாதிப் பேர் வாங்குவார்கள், மீதிப் பாதி பார்க்காமலே போவார்கள். இரண்டைக் கட்டினால் நல்ல விலை ஏறத்தாழ 82. மூன்றில் இரண்டு பங்குப் பேர் வாங்குவார்கள். நூறைக் கட்டினால்? ஒவ்வொருவரின் மொத்த மதிப்பும் 5,000ஐச் சுற்றி நெருக்கமாகக் குவிந்துவிடும். ஒன்றில் அதிகம் வைத்தவர் இன்னொன்றில் குறைவாக வைத்திருப்பார். அங்கே ஏறியது இங்கே இறங்கிச் சமனாகும். நிகழ்தகவுக் கணிதத்தில் பெருவெண் விதி என்பது இதுவே. விலை 4,450 என்று வைத்தால் 100க்கு 97 பேர் வாங்குவார்கள். ஒரு தனி நிகழ்ச்சியை யார் என்ன விலைக்கு வாங்குவார் என்று ஊகிக்கவே முடியாதபோதும், நூறு சேர்ந்த கட்டின் விலையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். சின்னச் சின்ன நிச்சயமின்மைகள் நூறைக் கூட்டினால் ஒரு பெரிய நிச்சயம் கிடைக்கிறது. இதை எத்தனை முறை கணக்குப் போட்டுப் பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும். தனித்தனியே விற்றபோது ஓர் ஆளிடமிருந்து சராசரியாக வந்தது 2,500. கட்டாக விற்றால் சுமார் 4,320. வாங்குபவருக்கு, அதாவது அவர் மதித்த தொகைக்கும் கொடுத்த தொகைக்கும் உள்ள வித்தியாசமாக, மிஞ்சியது முன்பு 1,250. இப்போது சுமார் 550. நிகழ்ச்சி ஒன்றுக்கான விலை 50இலிருந்து 44.50 ஆகக் குறைந்திருக்கிறது. ஏறக்குறைய எல்லோரும் எல்லாம் பார்க்கிறார்கள். வீணாவது ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் பார்ப்பவருக்கு மிஞ்சுவது பாதிக்கும் கீழே போய்விட்டது. ஒரே சந்தா வந்தால் நமக்குத்தான் கொண்டாட்டம் என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வரலாறும் கொஞ்சம் வேண்டுமே. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் ஓடும் படத்தோடு ஓடாத படத்தையும் கட்டித்தான் திரையரங்குகளுக்குக் கொடுத்தன. 1948இல் பாரமவுண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. தொலைக்காட்சிகளுக்குப் படங்களைக் கட்டி விற்றதை 1962இல் லோயூஸ் வழக்கில் தடுத்தது. மறு ஆண்டே பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 'கான் வித் தி விண்ட்' படத்தையும் 'கெட்டிங் கெர்ட்டீஸ் கார்ட்டர்' என்ற சாதாரணப் படத்தையும் வைத்து, மேலே சொன்ன இரண்டு வீட்டுக் கணக்கின் மூல வடிவத்தை எழுதினார். 1976இல் வில்லியம் ஆடம்ஸும் ஜேனட் யெல்லனும் அதை விரித்தார்கள். பின்னாளில் அமெரிக்க நிதியமைச்சர் ஆனாரே, அந்த யெல்லன்தான். வரலாறு இவ்வளவு போதும்.

அழகான கணக்கு என்றாலும் அது சில நிபந்தனைகளின் மேல்தான் நிற்கிறது. நம் வீடுகளில் அவற்றில் இரண்டு நிற்பதில்லை.

முதலாவது வயிறு. நூறு நிகழ்ச்சிகளின் மதிப்பைக் கூட்டிக்கொண்டே போனோம். ஆனால் பந்தியில் இருபது பதார்த்தம் வைத்தாலும் சாப்பிடுபவருக்கு ஒரு வயிறுதான். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்த பிறகு மிஞ்சும் ஒன்றிரண்டு மணி நேரம்தான் வீட்டின் வயிறு. அது நிறைந்த பிறகு நூற்றியொன்றாவது தொடரின் மதிப்பு பூஜ்யத்துக்கு அருகில் இருக்கும். 'பத்தாயிரம் மணி நேரப் பொழுதுபோக்கு' என்ற வாசகத்தைப் பார்த்தால், அதில் எத்தனை மணி நேரம் உங்கள் வீட்டில் இருக்கிறது என்று கேளுங்கள்.

இரண்டாவது வருமானம். ருசிகள் பொருளுக்குப் பொருள் ஏறி இறங்கினால்தான் இடைவெளி சுருங்கும். வருமானம் அப்படி வேலை செய்யாது. வசதியுள்ள வீடு கிரிக்கெட்டுக்கும் அதிகம் தரும், சீரியலுக்கும் அதிகம் தரும். வசதியில்லாத வீடு இரண்டுக்குமே குறைவாகத்தான் தரும். எத்தனை பொருளைக் கட்டினாலும் இந்த வித்தியாசம் அப்படியே நிற்கும். நெட்ஃபிளிக்ஸ் இதை இந்தியாவில்தான் கற்றுக்கொண்டது. 2016 ஜனவரியில் அது இங்கே வந்தபோது மிகக் குறைந்த சந்தா 500 ரூபாய். 2019இல் செல்போனுக்கு மட்டும் 199 என்றது. 2021 டிசம்பரில் அது 149க்கு இறங்கியது. மேல்தட்டு பிளான் 649இல் நின்றது. அரசு கேபிள் 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு வீடு தேடி வந்த தமிழ்நாட்டில், அந்தப் பழைய பில் இன்னும் பலர் மனதில் அளவுகோலாக இருக்கிறது என்றே நினைக்கிறேன். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விலை இந்த நாட்டில் கிடையாது.

பாட்டுக்கு மட்டும் 'எல்லாம் ஒரே சந்தாவில்' என்பது எப்படிச் சாத்தியமாயிற்று என்று கேட்கலாம். இசை நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே பாட்டை எல்லாச் செயலிகளுக்கும் கொடுக்கின்றன. அதனால் எந்தச் செயலியைத் திறந்தாலும் ஏறக்குறைய எல்லாம் கிடைக்கும். போட்டி விலையைப் பிடித்து வைக்கும். ஸ்பாட்டிஃபை அமெரிக்காவில் 2011இல் வைத்த 9.99 டாலரை 2023 வரை ஏற்றவில்லை. 2019இல் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 119 ரூபாய் வைத்தது. படமும் ஆட்டமும் தனியுரிமைக்கு விற்கப்படுபவை. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அந்தத் தொகையைக் கொட்டியவர்கள் ஆட்டத்தை எல்லோருடைய இலையிலும் பரிமாற மாட்டார்கள். ஆகவே 'எல்லாம் ஒரே சந்தாவில்' உண்மையிலேயே வர வேண்டுமானால், எல்லா உரிமையும் ஒரே கைக்குப் போக வேண்டும், அல்லது உரிமையாளர்கள் எல்லோருக்கும் கொடுக்கச் சம்மதிக்க வேண்டும். முதல் வழியில் வந்தால் 4,450 கணக்கு நம் தலையில் விடியும். இரண்டாம் வழியில் வந்தால் வரவேற்கலாம்.

வாசகர் கேட்ட விலைக்கு என் பதில் இதுதான். கடந்த மூன்று மாதத்தில் உங்கள் வீட்டில் உண்மையாகவே பார்த்து முடித்தவற்றை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனியே எவ்வளவு கொடுத்திருப்பீர்கள் என்று பக்கத்தில் போடுங்கள். கூட்டி மூன்றால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மாத உச்சவரம்பு. அதற்கு மேல் கேட்கும் எந்தப் பேக்கும், அதில் எத்தனை ஓடிடி இருந்தாலும், உங்களுக்கு நஷ்டம். ஆண்டுச் சந்தா கட்டாமல், வேண்டிய மாதத்துக்கு வேண்டியதை எடுத்து, முடிந்ததும் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போவது பல வீடுகளுக்கு இந்த உச்சவரம்புக்குள் அடங்கும்.

கட்டு தனியாகவும், அதில் உள்ள பொருள் ஒவ்வொன்றும் தனி விலையிலும், இரண்டும் சேர்ந்தே கடையில் இருக்க வேண்டும் என்பதை நாம் கேட்டு வாங்க வேண்டும். வேண்டாத கட்டை மறுக்க அப்போதுதான் வழி இருக்கும். கேபிளுக்கும் டிடிஎச்சுக்கும் இதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது: ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலையை அறிவிக்க வேண்டும், தொகுப்பில் சேர்க்கும் சேனலின் விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது. பில் ஏறிவிட்டது என்ற புகார்கள் வந்தன, விதிகள் திருத்தப்பட்டன; ஆனால் எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று பில்லைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. ஓடிடி பேக்குகளுக்கு அந்தக் கட்டண விதிகள் பொருந்தாது. பொருந்த வேண்டும்.