காதைப் பொத்தாமல் ஒரு கொடியேற்றம்

ஜமாதுல் ஆகிர் தலைப்பிறை கண்டால் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் கொடி ஏறும். நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் பன்னிரண்டு நாள் விழா. இரண்டு நூற்றாண்டு கண்ட மரபு என்று ஊர் பெருமையாகச் சொல்லும். பள்ளியைச் சுற்றியுள்ள மணலில் ஒரே இரவில் கடைத்தெரு முளைக்கும். முஸ்கட், பூந்தி, கச்சான், பலூன், வளையல், பிளாஸ்ரிக் துவக்கு. ஒரு பக்கம் ராட்டினம் சுற்றும், அதைச் சுற்ற வைக்க ஜெனரேற்றர் உறுமும். கடைக்கொரு ஒலிபெருக்கி, ஒலிபெருக்கிக்கொரு பாட்டு. கொழும்புப் பக்கம் போய்ப் பழகாத அம்பாறைக் கரைப் பிள்ளைகளுக்கு ‘தீம் பார்க்’ என்றால் இதுதான்.

அந்தக் கூட்டத்தில் எப்படியும் ஒரு பிள்ளையைக் காணலாம். வாப்பாவின் தோளில் இருந்தபடி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீறிடும். ஒருவர் “பசி போல” என்பார். இன்னொருவர் “கண்ணூறு, ஓதிப் பாருங்க” என்பார். “ஒண்டு போட்டா அடங்கும்” என்று ஒரு பெரியவர் தீர்ப்பே சொல்லிவிடுவார். உம்மா யாருக்கும் மறுமொழி சொல்லாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடப்பா. அடுத்த வருடம் மற்றப் பிள்ளைகள் போகும்போது அவன் மூத்தம்மாவுடன் வீட்டில் நிற்பான். “அவனக் கூட்டிட்டுப் போக ஏலா” என்பது அந்த வீட்டின் சட்டமாகிவிடும்.

அந்தச் சட்டத்தைத் திருத்தலாம். கொஞ்சம் முன்னேற்பாடு வேண்டும், அவ்வளவுதான்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் புலன்கள் மற்றவர்களைப் போல் வேலை செய்வதில்லை. நமக்குப் பின்னணியில் கரைந்துபோகிற ஜெனரேற்றர் சத்தம் அவர்களுக்குக் காதுக்குள் நின்று அடிக்கும். சட்டையின் கழுத்துப் பட்டி முள்ளாய்க் குத்தும், மின்னி மின்னி எரியும் லைற் கண்ணைக் கூசும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் அறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்புத்தான் இந்தப் புலன் வேறுபாட்டை ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக முறைப்படி சேர்த்தது. பிள்ளை பிடிவாதம் பிடிக்கிறது என்று ஊர் சொல்வது பல வேளை பிடிவாதமே இல்லை. கேட்டதை வாங்கிக் கொடுத்தால் பிடிவாதம் நிற்கும். புலன் நிறைந்து வழிகிற அழுகை முஸ்கட்டைக் கொடுத்தாலும் நிற்காது. சத்தத்தை விட்டு விலகினால்தான் நிற்கும்.

நாட்டில் இத்தகைய பிள்ளைகள் அரிதா? வைத்தியர் ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் ஒன்றரை முதல் இரண்டு வயதுக் குழந்தைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு வந்தது. ஒரு பெரிய பாடசாலையின் காலைக் கூட்டத்தில் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று எண்ணினால் கணக்கு விளங்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ராட்டினச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிற அதே பிள்ளை, ராட்டினத்தில் ஏற்றிவிட்டால் இறங்கவே மாட்டேன் என்று நிற்கலாம். சமநிலையை உணரும் உறுப்பு உட்காதில் இருக்கிறது. சிலருக்கு அந்தப் புலன் பசியோடு இருக்கும். சுழற்சியும் ஊஞ்சலும் எவ்வளவு கிடைத்தாலும் போதாது. ஆகவே, ‘இவனுக்கு விளையாட்டே ஒத்துவராது’ என்று முடிவு கட்டும் முன் எது ஒத்துவரவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சத்தமா, வெளிச்சமா, பொரிக்கிற எண்ணெய் மணமா, தெரியாதவர்கள் மேலில் முட்டுவதா, அல்லது வரிசையில் காத்து நிற்பதா? ஒரு கிழமை கவனித்து ஒரு கொப்பியில் எழுதினால் பாதி வேலை முடிந்தது.

வெளிநாட்டுப் பூங்காக்கள் அந்தக் கொப்பியைத் தாங்களே எழுதிக் கொடுக்கத் தொடங்கிவிட்டன. பென்சில்வேனியாவில் உள்ள செசமி பிளேஸ் 2018இல் ஓட்டிசத்துக்கான சான்றிதழைப் பெற்ற முதல் தீம் பார்க் ஆனது. ஊழியர்களுக்குப் பயிற்சி, அமைதியாக இருக்க ஓர் அறை, அத்தோடு ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு புலன் அட்டவணை. தொடுகை, சுவை, சத்தம், மணம், காட்சி ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று புள்ளி போட்டிருப்பார்கள். டிஸ்னி பூங்காக்களில் பதிவு செய்துகொண்டால் வரிசையில் நிற்காமல் குறித்த நேரத்துக்குத் திரும்பி வரலாம். ஆனால் 2024இல் அந்த வசதியை யாருக்குக் கொடுப்பது என்ற விதியை இறுக்கிவிட்டார்கள். பெற்றோர் பலருக்கு அது கோபம். கல்முனைக்கு இன்னும் பழக்கமான ஊர் துபாய். வீட்டுக்கொருவர் வளைகுடாவில் இருக்கிற கரை இது. 2025 ஏப்ரலில் ஒரு நகரம் முழுவதுமே ஓட்டிசத்துக்கு ஏற்ற இடம் என்ற சான்றிதழை துபாய் வாங்கியது. வாப்பாவைப் பார்க்கப் போகும் பிள்ளைக்கு அங்கே கிடைக்கிற வசதி, ஊரில் மூத்தம்மாவோடு பள்ளிக்கு வரும்போது கிடைப்பதில்லை.

சான்றிதழ் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வீட்டிலேயே தொடங்கலாம்.

கொழும்புப் பக்கம், ஹங்வெல்ல பகத்கமவில் இருக்கிற லெஷர் வேர்ல்டு நீர்ப் பூங்காவுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். கல்முனை பிரதான வீதியும் ஏ4, அந்தப் பூங்கா இருக்கும் ஹைலெவல் வீதியும் அதே ஏ4 என்பது ஒரு சுவையான செய்தி. ஒரே தெருவில் இரண்டு இடம். நடுவில் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். பிள்ளை களைத்துச் சினந்து போவது பூங்காவில் என்று நினைக்கிறோம். உண்மையில் அது தொடங்குவது இரவு பஸ்ஸில் போடுகிற சினிமாப் படத்தில். மட்டக்களப்புவரை சுமார் நாற்பது கிலோமீற்றர் போனால் ரயில் உண்டு. அதில் எழுந்து நடக்கலாம், கதவோரம் வாப்பாவின் கையைப் பிடித்து நிற்கலாம். வேன் பிடித்தால் இன்னும் நல்லது, ஆனால் மாமி, சாச்சி, மச்சான்மார் என்று பதினான்கு பேரை அடைக்கிற நம் வழக்கத்தை இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் விட்டுவிட வேண்டும். போனதும் நேரே பூங்காவுக்குள் நுழையாமல் ஓர் இரவு தங்கி மறுநாள் காலை வாசல் திறக்கும்போது போவதே புத்தி.

எந்த நாள்? போயாவும் ஞாயிறும் வேண்டாம். முஸ்லிம் பாடசாலைகளுக்கு மட்டும் வாய்க்கிற ஒரு சந்தர்ப்பம் இருக்கிறது: ரமழான் விடுமுறை. நோன்புப் பெருநாளின் ஆரவாரம் ஓய்ந்த பிறகு, நம் பாடசாலை திறக்கும் முன் கிடைக்கிற ஓரிரு வார நாட்களில் மற்றப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். பூங்கா காற்றாடும்.

இனி உடுப்பு. பல நீர்ப் பூங்காக்களில் பருத்தி உடுப்போடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். உடம்போடு ஒட்டுகிற நைலோன், லைக்ரா துணிதான் வேண்டும். தொடுகைக்குக் கூசுகிற பிள்ளைக்கு அதை வாசலில் வைத்து முதன்முறை மாட்டினால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. இரண்டு கிழமைக்கு முன்பே வாங்கி, பட்டியை வெட்டி, கிணற்றடியில் அதோடு குளிக்க வையுங்கள். மணிக்கட்டில் ஒட்டுகிற அனுமதிப் பட்டியும் அப்படித்தான். ஒரு கடதாசித் துண்டை ஒட்டிப் பழக்கலாம். சரிவராவிட்டால் பையில் கட்டிக்கொள்ள விடுவார்களா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்கலாம். கேட்பதற்கு வெட்கப்படுகிறவர்கள் நம்மில் அதிகம்.

இனி ஊர்க் கொடியேற்றத்துக்கு வருவோம். அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் ஒரு முறையை வகுத்தார்: பிள்ளைக்குப் புதிதான ஓர் இடத்தை முன்கூட்டியே சிறு கதையாகச் சொல்லிவைப்பது. கடற்கரைப் பள்ளிக்கு அதைச் செய்ய ஒரு ஃபோன் போதும். கொடி ஏறும் முன் வெறிச்சோடிய ஒரு மாலையில் பிள்ளையைக் கூட்டிப்போய், மினாராவை, மணலை, செருப்பு விடும் இடத்தைப் படம் எடுங்கள். தினமும் படுக்கும்போது காட்டுங்கள். “முதல்ல செருப்பக் கழட்டுவம். பொறகு ஒரு தரம் ராட்டினம். பொறகு கச்சான். பொறகு வீடு.” நான்கு படம், நான்கு வாக்கியம். சத்தமாக இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சத்தமே இருக்காது என்று சொல்லிக் கூட்டிப்போனால் அடுத்த முறை உங்கள் வாக்கை அவன் நம்பமாட்டான்.

கொடி ஏறும் முதல் நாளும் கந்தூரி நடக்கும் கடைசி நாளும் கரை நிரம்பி வழியும். இடையில் பத்து நாள் இருக்கின்றன. அஸர் தொழுகை முடிந்த கையோடு போனால் வெளிச்சமும் மிச்சம், கூட்டமும் குறைவு. பல வண்ண விளக்குகள் எரியத் தொடங்கும் முன் திரும்பிவிடலாம். 2023லும் 2024லும் விழா டிசம்பரில், அடைமழைக் காலத்தில் வந்தது. பிறைக் கணக்கு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால் வரும் வருடங்களில் மழைக்கு முந்திய வெயிலுக்குப் போய்விடும். நனைந்த மணல் காலில் ஒட்டுவதைச் சகிக்காத பிள்ளைக்கு இதுகூட ஆறுதலான செய்திதான்.

கையில் எடுத்துப்போக அதிகம் வேண்டாம். தகரம் வெட்டுகிற, கிரைண்டர் பிடிக்கிற தொழிலாளர்கள் போடும் காதுக் கவசம் ஒன்று. நல்லது என்றால் இருபது முப்பது டெசிபெல் குறைக்கும். தொப்பி, பிள்ளைக்குப் பழகிய சாப்பாடு, தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேலாக, கலவரப்பட்டால் ஓடிப்போக ஓர் இடம். கடற்கரையில் அது எளிது. கடைத்தெருவை விட்டு வடக்கே கொஞ்சம் நடந்தால் இழுத்து வைத்த தோணிகளும் அலையும்தான். அங்கே உட்கார்ந்து பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொள்ளலாம். சில பிள்ளைகளுக்கு மெல்லத் தடவுவது கூசும், அழுத்திப் பிடிப்பது அமைதி தரும். ஓட்டிசம் உள்ள கால்நடை அறிவியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின், மாடுகளை இறுக்கி நிறுத்தும் சட்டத்தைப் பார்த்துப் பதினெட்டு வயதில் தனக்கென ஓர் அணைப்பு இயந்திரமே செய்துகொண்டார். கல்முனையில் அந்த வேலைக்கு மூத்தம்மா இருக்கிறா.

இருபது நிமிடத்தில் திரும்பினாலும் போனது போனதுதான். ஒருதரம் ராட்டினம், ஒரு சுருள் கச்சான். அழுகை வரும் முன் கிளம்பிவிட்டால் அடுத்த வருடம் அவனே செருப்பை எடுத்துவருவான்.

பெற்றோரால் ஆகிற வேலை இவ்வளவுதான். மிச்சம் ராட்டினக்காரர், கடைக்காரர், பள்ளி நிர்வாகத்தினர் கையில் இருக்கிறது. பன்னிரண்டு நாளில் ஒரே ஒரு நாள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒரு மணி நேரம், பாட்டை நிறுத்தி, மின்னும் விளக்கை அணைத்து, ராட்டினத்தை மெதுவாகச் சுற்றவிட்டால் போதும். செலவு ஒன்றுமில்லை. அடுத்த ஜமாதுல் ஆகிர் பிறைக்கு முன், உங்கள் மஹல்லாவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், நாலு பேராய்ப் போய் நிர்வாகத்திடம் அந்த ஒரு மணி நேரத்தைக் கேளுங்கள்.